ரசமட்டம் செய்த கைப்பிடி

கூட வேலை பார்த்தவர்கள் அந்தத் தச்சருக்கு, மட்டம் பார்க்கிற கருவியின் பெயரையே எடுத்து, ரசமட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள். மேஜையோ அலமாரியோ, கோணல் என்றால் அவர் கண்ணுக்கு ஆகாது. அடுத்தவர் வீட்டுக்குப் போனாலும் சுவரில் சாய்ந்து தொங்கும் காலண்டரை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் உட்காருவார். அவர் மனைவி தையல்காரி. "நல்லவேளை, எனக்குக் கழுத்து நேரா இருந்துச்சு. இல்லேன்னா கல்யாணத்தன்னைக்கே பிடிச்சு நிமிர்த்தியிருப்பார்" என்று துணி கொண்டு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அப்பேர்ப்பட்ட மனுஷனிடம் போய், ஓர் அங்குலம்கூட நேராக இல்லாத ஒரு கைப்பிடியைச் செய்யச் சொல்லியிருந்தார்கள். மூன்று வாரமாக வீட்டில் பேச்சே இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் விளிம்பை விரலால் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருப்பார். என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பார். அந்த ஒண்ணுமில்லைக்குள் ஒரு மலையே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

ஒருநாள் காலையில் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போய்விட்டார். மிஷினை நிறுத்திவிட்டு, அதை எடுத்துக்கொண்டு அவளே கிளம்பினாள். கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்துபோனாள்.

வேலை நடந்தது ஒரு பல் டாக்டரம்மா கட்டிக்கொண்டிருந்த புது வீட்டில். கீழ்க்கூடத்துக்கு இரண்டு பக்கம் சுவர் இல்லை. ஓட்டை ஓட்டையாக வார்த்த கற்களை அடுக்கி, காற்றும் வெளிச்சமும் சல்லடையில் சலித்ததுபோல் உள்ளே வரும்படி விட்டிருந்தார்கள். வெளியே அனல் அடித்தாலும் உள்ளே குளுகுளுவென்று இருந்தது. கூடத்தின் நடுவில் அந்தப் படிக்கட்டு நின்றது. தாங்க ஒரு தூண் இல்லை, சாய ஒரு சுவர் இல்லை. அறுபடாமல் உரித்த ஆரஞ்சுத் தோலைத் தூக்கிப் பிடித்த மாதிரி, தரையிலிருந்து சுழன்று மாடிக்கு ஏறியது. படிக்கும் படிக்கும் நடுவே அடைப்பு இல்லாததால் தோட்டத்துக் காற்று அதற்குள்ளேயே புகுந்து பின்பக்கம் போனது. ஒவ்வொரு படியின் ஓரத்திலும் இரும்புக் கம்பிகள் மொட்டைத் தலையோடு நின்றுகொண்டிருந்தன. அவற்றின் மேல் உட்கார வேண்டிய மரக் கைப்பிடிதான் இன்னும் வரவில்லை.

அவள் கொஞ்சநேரம் வாய் பிளந்து பார்த்தாள். பிறகுதான் மூலையில் குவிந்து கிடந்த மரத்துண்டுகள் கண்ணில் பட்டன. முழுக்கட்டையில் செதுக்கிச் செதுக்கி எறிந்தவை. ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்த்திருக்கிறார். ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு ஒரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"இதுதானா விஷயம்?" என்றாள்.

துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த தச்சர் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். "பக்கவாட்டுலயும் வளையுது, மேலயும் ஏறுது. போதாததுக்கு முறுக்கிக்கிட்டு வேற போகுது. நாளைக்கு இத வரைஞ்ச ஆர்க்கிடெக்ட் பொண்ணு வந்தா, வேற ஆளப் பாத்துக்கோம்மான்னு சொல்லிடப் போறேன்."

இருபத்தாறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. அவளுக்குச் சுருக்கென்றது. படிக்கட்டைச் சுற்றி வந்தாள். கை சும்மா இருக்குமா? அளவு நாடாவை எடுத்து, முதல் கம்பியில் ஒரு நுனியைக் கட்டி, கம்பிகளின் வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே நாடா எட்டும்வரை படியேறினாள். முதலில் நாடாவைப் படுக்கையாக வைத்துப் பார்த்தாள், சுருங்கிக்கொண்டது. விளிம்பு மேலே இருக்கும்படி நிறுத்திப் பிடித்தாள். கம்பிகளோடு ஒட்டிக்கொண்டு, ஒரு சுருக்கம் இல்லாமல், அதுபாட்டுக்குச் சரிந்து ஏறியது.

"ஏங்க, இங்க வந்து பாருங்களேன். எங்கயாவது சுருங்குதா?"

"நாடா துணி. மரம் துணியா?"

"இருங்க." ஒரு செய்தித்தாளைத் தேடி எடுத்தாள். அவருடைய ஸ்கேலையும் பென்சிலையும் வாங்கி, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கோடு போட்டாள். தாளைக் குழலாகச் சுருட்டி நீட்டினாள். கோடு குழலைச் சுற்றி, அசல் அந்தப் படிக்கட்டு மாதிரியே மேலே ஏறியது. "நான் சட்டைக் கை தைக்கிறப்ப தினமும் பாக்குறதுதான். விரிச்சா நேரு, சுத்துனா சுருள். செதுக்காம, மெல்லிசா நேர்ப் பட்டையா அறுத்து, ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டிக்கிட்டே சுத்துனா என்ன?"

பக்கத்தில் கலவை குழைத்துக்கொண்டிருந்த கொத்தனார் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். "ரசமட்டம் அண்ணா, மூணு வாரமா நீங்க கட்டையோட மல்லுக்கட்டுனீங்க. அக்கா மூணு நிமிஷத்துல முடிச்சிட்டாங்க."

தச்சரின் முகம் தொங்கிப்போனது. "நீ வீட்டுக்குப் போ" என்றார்.

வழியெல்லாம் அவள் தன்னையே நொந்துகொண்டாள். நாலு பேர் இருக்கிற இடத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். தைத்துக்கொண்டிருந்த பாவாடையில் இரண்டு தடவை தப்பாகத் தைத்துப் பிரித்தாள்.

சாயங்காலம் அவர் வந்தார். முகம் கழுவினார். அவள் தண்ணீர் கொடுத்தாள், குடித்தார். பிறகு பையிலிருந்து அந்தச் செய்தித்தாளை எடுத்து அவளுடைய தையல் மேசையில் விரித்தார். சுருட்டினார், விரித்தார், மறுபடியும் சுருட்டினார்.

"எத்தனை தடவை விரிச்சாலும் நேராத்தான் இருக்கு" என்றார்.

"உங்க ஸ்கேல்ல போட்ட கோடாச்சே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் ஆர்க்கிடெக்ட் பெண் வந்தபோது அவர் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லவில்லை. தாளைச் சுருட்டிக் காட்டினார். அவள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வரைஞ்சது நானா இருந்தாலும், செய்யிற வழி இப்பத்தான் அண்ணா எனக்கே தெரியுது" என்றாள்.

ஸ்கேல் கனத்துக்குப் பதினாறு பட்டைகள் அறுத்தார். ஒட்டுகிற அன்றைக்கு ஆள் பற்றவில்லை. பசை அரை மணியில் இறுகிவிடும். அதற்குள் பதினாறையும் கம்பியோடு சேர்த்துக் கட்டியாக வேண்டும். சைக்கிள் டியூபைக் கீறி ரப்பர் நாடாவாக்கி வைத்திருந்தாள் தையல்காரி. பட்டைகளைப் பிடித்துக்கொள்ளக் கீழே கொத்தனார், நடுவில் தச்சர், மேலே ஆர்க்கிடெக்ட் பெண். தையல்காரி ஓடி ஓடி ரப்பரை இழுத்துச் சுற்றினாள். வேடிக்கை பார்க்க வந்த டாக்டரம்மாவையும் விடவில்லை. மாடி முனையில் பட்டைகள் நழுவப் போக, "இங்க பிடிங்கம்மா, விட்றாதீங்க" என்று தச்சர் ஓர் அதட்டல் போட்டார். தினமும் ஊரையே வாயைத் திறக்கச் சொல்கிற டாக்டரம்மா, வாயை இறுக மூடிக்கொண்டு, கையெல்லாம் பசையாக, அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் மதியம் ரப்பரை அவிழ்த்தார்கள். கைப்பிடி கம்பியை விட்டு மெதுவாக விலகியது. தையல்காரி அவிழ்த்த ரப்பரை மறுபடியும் கையில் எடுத்தாள். ஒரு விரல் அகலம் விலகியதும் அப்படியே நின்றது. தச்சர் உள்ளங்கையால் தள்ளிப் பார்த்தார். சொன்ன பேச்சுக் கேட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தது. "அவ்வளவுதான், திருகாணி பிடிச்சிக்கும்" என்றார்.

இழைத்து, உப்புத்தாள் போட்டு, எண்ணெய் பூசி முடிக்க இன்னும் எட்டு நாள் ஆனது. பார்க்க வந்த ஆர்க்கிடெக்ட் பெண், "அருமையா செஞ்சிட்டீங்க அண்ணா" என்றாள்.

தச்சர் தலையைச் சொறிந்தார். "மரந்தாம்மா என்னோடது. யோசனை இவளோடது."

"அப்ப யார் தச்சதுன்னு ஊருக்குச் சொல்றது?" என்று கொத்தனார் சீண்டினார்.

"ரெண்டு பேருமே தச்சதுன்னு சொல்லுய்யா. எங்க வீட்ல யாரக் கேட்டாலும் தச்சுக்கிட்டுத்தான் இருக்கோம்."

எல்லாரும் சிரித்தார்கள். தையல்காரிக்கு மட்டும் கண் கலங்கியது. அதை மறைக்க, இல்லாத தூசியை முந்தானையால் தட்டுகிற மாதிரி கைப்பிடியைத் துடைத்தாள்.

டாக்டரம்மா குடிவந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். "வர்றவங்க எல்லாரும் மாடிக்குப் போய்ப் போய் வர்றாங்க. மேல என் கட்டிலத் தவிர ஒண்ணும் கிடையாது" என்று சந்தோஷமாகக் குறைப்பட்டுக்கொண்டார். தச்சரும் தன் பங்குக்கு நாலு தடவை ஏறி இறங்கினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் சொன்னார்: "அந்தப் பொண்ணு இன்னொரு படிக்கட்டு வரைஞ்சிருக்காம். ஒரு பள்ளிக்கூடத்துக்கு. ரெண்டு சுருள் தனித்தனியா ஏறி, மேல ஒண்ணாச் சேருதாம். கேட்டுச் சொல்றேன்னிருக்கேன்."

"யாரக் கேட்டு?"

"வேற யார, உன்னத்தான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "முதல்ல படத்த வாங்கிட்டு வாங்க. மேசையில இருக்கிற துணியெல்லாம் ஒதுக்கி வைக்கிறேன்."