ஒரு பக்க அலை

செங்கல்பட்டு மேட்டுத்தெருவுக்குள் பூவாயி கூடையோடு நுழைந்தால் தெருக்கோடி வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரிந்துவிடும். "மீ…" என்று தொடங்கி, மூச்சு உள்ளவரை அதையே இழுத்து, போனால் போகிறதென்று கடைசியில் "னோய்" போடுவாள். தேவனேரிக் குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் பின்பக்கமாக ஏறி, கண்டக்டரின் முகச்சுளிப்பை வாங்கிக்கொண்டு வருகிறவள். அவளுக்குக் கடை கிடையாது, பலகை கிடையாது. அந்தக் குரல்தான் எல்லாம்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் ஆடி மாதம் போனதும் அந்தக் குரல் கம்மத் தொடங்கியது. காரணம் தனக்குத் தெரியும் என்று பூவாயி நம்பினாள்.

அந்த ஆடியில்தான் அதே குப்பத்து ஜெகதாம்பாள் மேட்டுத்தெருவில் கூடையை இறக்கினாள். பதினைந்து வருஷமாகத் தன் காலடி பட்ட தெருவில் இன்னொருத்தி மீன் விற்பதைப் பூவாயியால் பொறுக்க முடியவில்லை. நடுத்தெருவில் நின்று, "உன் வாயி அடைஞ்சி பூடும்டி! எங்க எல்லையம்மா பாத்துக்குவா உன்ன!" என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டாள். மூன்று வாரத்தில் அடைந்தது பூவாயியின் வாய்தான். அம்மன் சாபத்தைத் திருப்பிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டாள். சாமி கொடுத்த தண்டனைக்கு டாக்டரிடம் போவது இன்னொரு பாவம் அல்லவா?

வெள்ளிக்கிழமை தோறும் பட்டினி கிடந்தாள். அம்மனுக்குச் செலுத்த வெள்ளித் தகட்டில் தொண்டை உரு கேட்டாள். கண், கை, கால்தான் இருக்கிறது என்றார் கடைக்காரர். முழு முகம் ஒன்று வாங்கி உண்டியலில் போட்டாள். குரல் வரவில்லை. இப்படியே எட்டு மாதம். ஒரு நாள் துப்பிய எச்சிலில் ரத்தம் கண்ட பிறகு அவள் புருஷன் சடையன் பேச்சுக்கு இடம் வைக்கவில்லை.

"சாமியும் பாக்கட்டும், டாக்டரும் பாக்கட்டும். கெளம்பு."

செங்கல்பட்டில் தொண்டை வைத்தியம் பார்க்கும் ராமதாஸ் டாக்டரிடம் ஒரு பழைய கருவி இருந்தது. சென்னையில் யாரோ புதிது வாங்கியபோது கழித்துவிட்டது. அதை இயக்கும் ரோகிணி, கல்பாக்கம் குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகும் பெண். பூவாயியின் கழுத்தில் சின்ன மைக் ஒன்றைப் பட்டை போட்டுக் கட்டினாள்.

"இன்னாமா பண்ணப் போற?"

"உங்க தொண்டைக்குள்ள ரெண்டு நாண் இருக்கும்மா. குரல் குடுக்கறப்போ ஒரு செகண்டுக்கு இருநூறு தடவைகூட ஆடும். கண்ணு அதைப் பிடிக்காது. இந்த லைட் அதே வேகத்துக்கு, ஒரு பொட்டு மட்டும் முன்னப் பின்ன மினுக்கும். அப்போ நாண் மெதுவா ஆடற மாதிரித் தெரியும்."

"அப்ப பொய்யி காட்டுமா?"

"பொய் இல்லம்மா. ஒவ்வொரு ஆட்டத்துல இருந்தும் ஒரு துணுக்கு எடுத்துக் கோத்துக் காட்டும். பூ கட்டற மாதிரி."

டாக்டர் துணியால் நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு, நுனியில் வெளிச்சம் உள்ள கம்பியை உள்ளே விட்டார். "ஈ-ன்னு சொல்லுங்க. நடுங்காம." கரகரவென்று காற்றுதான் வந்தது. கருவியில் குரலின் வேகத்தைக் காட்டும் எண்கள் நூற்று நாற்பது, முந்நூற்றுப் பத்து, தொண்ணூறு என்று தாவின. குரல் ஒரே சீராக இருந்தால்தான் விளக்கு அதன் வேகத்தைப் பிடிக்கும். இங்கே பிடிக்க எதுவுமே இல்லை. மூன்று முறை குமட்டியதும் டாக்டர் கம்பியை வெளியே எடுத்தார்.

"முடியாது. சென்னைக்கே எழுதிடறேன்."

"சார், ஒரே நிமிஷம்." ரோகிணி பூவாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெருவுல எப்படிம்மா கூப்பிடுவீங்க? அப்படியே கூப்பிடுங்க. இங்க யாரும் திட்ட மாட்டாங்க."

பூவாயி கண்ணை மூடினாள். மேட்டுத்தெரு வந்தது. வெயிலும் வாசல்களும் வந்தன. கம்பி உள்ளே இருக்க, அடிவயிற்றிலிருந்து எடுத்தாள்: "மீ…"

எண் நூற்றுத் தொண்ணூறுக்கு வந்தது. இறங்கி நூற்று எண்பத்திரண்டில் அசையாமல் நின்றது. நான்கு விநாடி. பிறகு மூச்சு முடிந்தது. நாக்கு டாக்டர் கையில் இருந்ததால் "மீ" வெறும் "ஈ"யாகத்தான் வந்தது; "னோய்" வரவேயில்லை.

யாரும் சொல்லாமலே ரோகிணி கருவியோடு இணைத்திருந்த டி.வி.யை அவள் பக்கம் திருப்பி, பதிவானதை மறுபடி ஓட்டினாள். சிவந்த குழி; நடுவில் முத்துப்போல இரண்டு நாண்கள் மெல்லத் திறந்து மூடின. குப்பத்துக்காரிக்கு அலையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வலப்பக்கத்தில் சின்ன அலை எழுந்து, உருண்டு, விளிம்பு வரை போய் அடங்கியது. இடப்பக்கம் வெள்ளையாகச் சொரசொரத்து, கல் கொட்டிய கரைபோலக் கிடந்தது.

"இந்தப் பக்கம் அலையே வரலியே, இன்னாமா?"

டாக்டர் சொன்னார். மென்மையாகத்தான் சொன்னார். சென்னையில் சதைத்துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும். நினைப்பது சரியென்றால் குரல்பெட்டியை மொத்தமாக எடுக்க வேண்டியிருக்கும். விட்டுவைத்தால் மூச்சையே அடைத்துவிடும்.

பூவாயி ரோகிணியைப் பார்த்தாள். "ஒருத்திய சபிச்சேம்மா. அதானா இது?"

"இல்லம்மா. எட்டு மாசமா வளந்த சதை. வெத்தலையோட புகையில போடுவீங்கதானே?" ரோகிணி திரையின் வலப்பக்கத்தைத் தொட்டாள். "இதைப் பாருங்க. இவ்வளவு நாளா இது ஒண்டியா உங்களுக்காகக் கத்தியிருக்கு."

அதைக் கேட்டுத்தான் பூவாயி அழுதாள்.

சென்னையிலும் அதையே சொல்லி, நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் காலையில் அவள் கடற்கரைக்குக் கிளம்பினாள். சடையன் எங்கே என்று கேட்டான்.

"ஒரு வார்த்த பாக்கி கீது. கொரல் இருக்கறப்பவே சொல்லிட்டு வந்துடறேன்."

படகுகள் கரையேறி, ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஜெகதாம்பாள் கூடையில் சங்கரா மீனை அடுக்கிக்கொண்டிருந்தாள். பூவாயி கூப்பிட்டதும் நிமிர்ந்தாள்.

"இன்னாடி, வாயத் தொறந்தா காத்துதான் வருது?"

"அன்னிக்கு உன்ன சொன்னேனே, வாயி அடைஞ்சி பூடும்னு. அத்தத் திருப்பி எடுத்துக்கறேன். நாளைக்குத் தொண்டைய எடுத்துடறாங்கோ. அப்பறம் சொல்ல முடியாது."

ஜெகதாம்பாளின் கை மீன்மேல் நின்றது. "அதுக்குத்தான் இத்தினி மாசம் ஆஸ்பத்திரிக்குப் போவாம இருந்தியா? நீ சொன்னா ஆத்தா எழுந்து ஓடியாரணுமா? நீ இன்னா அவளுக்கு மாமியாரா?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நானுந்தான் உன் கூடை கவுந்து பூடும்னேன். கவுந்துச்சா?"

"இல்ல."

"அப்பறம் இன்னா? சரி, ஒரு தபா கத்து. நீ எப்பிடி இழுப்பேன்னு பாத்துக்கறேன்."

பூவாயி கடலைப் பார்த்துக் கூப்பிட்டாள். பாதியில் உடைந்தது. ஆனாலும் "னோய்" வரை போய்ச் சேர்ந்தாள்.

அறுவைக்குப் பிறகு கழுத்தில் ஒரு துளை மிஞ்சியது. மூச்சு அதன் வழியாகப் போய்வந்தது. அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. ஐந்தாம் மாதம் கூடையோடு மேட்டுத்தெருவுக்கு வந்து நடுத்தெருவில் நின்றாள். எந்த வாசலும் திறக்கவில்லை. தெருமுனையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "பூவாயி மீ…னோய்! சங்கரா கீது, காரப்பொடி மீனு கீது!" ஜெகதாம்பாளுக்கு அத்தனை நீளம் வரவில்லை. இருமல்தான் வந்தது. தன் கூடைக்கு அதன் பிறகுதான் கூவினாள்.

ஜெகதாம்பாள் வராத நாள்களில் இஸ்திரி வண்டிக்காரர் பன்னீர்செல்வம் வெறும் "மீ…" மட்டும் போடுவார். மாடி வீட்டு அம்மா, "பூவாயி வந்தாச்சு" என்று அடுத்த வீட்டுக்குச் சொல்லுவாள். யாரும் கூப்பிடாத நாள்களும் இருந்தன. அப்போது கத்தியால் தட்டின் விளிம்பைத் தட்டிப் பார்ப்பாள். பாதி மீனோடு திரும்புவாள்.

மாசியில் பரிசோதனைக்குப் போனாள். ராமதாஸ் டாக்டரின் அறை மூலையில் அந்தக் கருவி துணி போர்த்திக் கிடந்தது. அதற்கு இனி இவளிடம் பிடிக்க ஒன்றுமில்லை. கழுத்தைத் தடவிக்கொண்டே வந்த டாக்டரின் விரல்கள் இடப்பக்கம் ஓரிடத்தில் நின்றன. சுண்டைக்காய் அளவில் புதிதாக ஒன்று. சென்னைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

ரோகிணி பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன பேசுவதென்று தெரியாமல், "வியாபாரத்துக்கு எப்படிம்மா கூப்பிடறீங்க?" என்று கேட்டுவிட்டாள். கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பூவாயி கையை விடுவித்துக்கொண்டாள். ஒரு விரலால் ஜன்னலுக்கு வெளியே, தெருவைக் காட்டினாள். அங்கே ஒருவர், இங்கே ஒருவர் என்று காற்றில் புள்ளி வைத்தாள். பிறகு இரண்டு கை விரல்களும் சேர்ந்து, இல்லாத நாரில் இல்லாத பூவை ஒவ்வொன்றாக வைத்துக் கட்டின.

அன்று தான் சொன்ன பூ கட்டல்தான் அது என்று ரோகிணிக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெளியே இரண்டு கூடைக்கும் காவலாக நின்ற ஜெகதாம்பாள் வாசற்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்: "அடியே, இன்னா அங்க குந்திகினு கீற? மீனு நாறுது, வா!"

பூவாயி கடிதத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.