காலை உணவுக்குப் பிறகு அப்பா

என் அப்பா இல்லுகி எழுதிய எல்லா நாவல்களிலும் அப்பாக்கள் முதல் அத்தியாயத்திலேயே செத்துப்போவார்கள். ஒருவர் படகோடு மூழ்கினார். ஒருவரைப் பனிச்சரிவு கொண்டுபோனது. ஒருவர் தலையில் தேவாலய மணி விழுந்தது. அந்த ஓசை ஐஸ்லாந்தின் பாதி ஊர்களில் இன்னும் அடங்கவில்லை என்று நான் சத்தியம் செய்வேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையில் எங்கள் ஊரில் எல்லோருக்கும் புத்தகம்தான் பரிசு. மற்ற பிள்ளைகள் சாக்லேட்டை வாயில் அதக்கிக்கொண்டு படுத்தபடி படிப்பார்கள். நான் மட்டும் அப்பாவின் புதுப் புத்தகத்தைப் பிரித்து, இந்த வருஷம் அப்பா எப்படிச் சாகிறார் என்று பார்ப்பேன்.

ஒருநாள் காலையில் கேட்டேவிட்டேன்.

"ஏன்ப்பா எல்லா அப்பாவையும் கொன்னுடறீங்க?"

அவர் கட்டித் தயிரில் ப்ளூபெர்ரியைப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார்.

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியே எங்கப்பா கடலோட போயிட்டார்டா தோரிர். அப்பான்னு ஒருத்தர் காலைல சாப்பிட்டு முடிச்சதும் மிச்ச நாள் பூரா என்ன பண்ணுவார்னு எனக்குத் தெரியாது. தெரியாததை எப்படி எழுதறது?"

கிண்ணத்தை வைத்தார். எழுத்தறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆக எனக்கும் காலைச் சாப்பாடு வரைதான் அப்பா. அதன்பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து வரும் தட்டச்சுச் சத்தம்தான் அப்பா.

போன வசந்தத்தில் இறந்தபோதும் அவர் இந்த விதியை மீறவில்லை. தயிர்க் கிண்ணத்தைச் சுத்தமாக வழித்தார், கரண்டியை ஓசைப்படாமல் வைத்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் செத்தவர்கள் சும்மா கிடப்பதில்லை. குடும்பத்தில் பிள்ளை வரப்போகிறது என்று தெரிந்தால் யாராவது ஒருவர் கனவுக்குள் நுழைந்து, தன் பெயரைப் பிள்ளைக்கு வைக்கச் சொல்லிக் கேட்பார். கேட்டால் கொடுத்தாக வேண்டும். என் மகள் ஹெர்டிஸ் அப்போது உண்டாகியிருந்தாள். பையன் என்று ஸ்கேனில் சொல்லியிருந்தார்கள். அப்பா என் கனவில் வர வேண்டும், பெயர் கேட்க வேண்டும், ஊரில் இன்னொரு இல்லுகி ஓடித் திரிய வேண்டும் என்று நான் தவம் கிடந்தேன். பெயர்கூட ஒரு சாக்குதான். சாப்பாடு முடிந்த பிறகும் எழுந்து போகாத அப்பாவை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அவரும் வந்தார். என்னிடம் மட்டும் வரவில்லை.

எங்கள் ஊரான ஹூசவிக்கின் நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டிதான் ஓய்வுபெற்றவர்களின் நாடாளுமன்றம். விடியாத காலையில் பனி கொட்டும். ஆவிக்குள் எங்கள் தலைகள் மட்டும் அவித்த உருளைக்கிழங்குபோல மிதக்கும். தண்ணீர் அத்தனை சூடு. பல் டாக்டர் ஓட்டார் ஒவ்வொரு நாளும் ஒரு விரல் உயரம் குறைந்துதான் வெளியே வருவான்.

"நேத்து உங்கப்பா வந்திருந்தார்டா," என்றான் அவன்.

"எங்கே?"

"கனவுலதான், வேற எங்கே? என் நாற்காலில சாய்ஞ்சு வாயைத் திறந்தார். உயிரோட இருந்தப்ப என் கிளினிக் வாசலைக்கூட மிதிக்காத மனுஷன்!"

எங்கள் பெண் பாதிரியார் ஸ்வான்ஹில்டுர் தலைமுடியில் உறைந்த பனியைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "எனக்கும் வந்தார். ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல பாதியை வெட்டிட்டார். வெட்டினதும் நல்லாத்தான் இருந்துச்சு. அதான் வயித்தெரிச்சல்."

"அப்ப என்கிட்ட ஏன் வரமாட்டேங்கறார்?"

"நீ விடற குறட்டைல யாருய்யா உள்ள வருவா?" என்றான் ஓட்டார். "காலம் பூரா பனி தள்ற வண்டி ஓட்டினவன், தூக்கத்துலயும் இன்ஜினை அணைக்கறதில்ல."

படுக்கப்போகும் முன் புளிக்கவைத்த சுறாவைத் தின்றால் கனவு கொட்டும் என்றார்கள். தின்றேன். நாற்றம் தாங்காமல் கடற்காகங்கள் குடும்பத்தோடு அடுத்த ஊருக்குக் குடிபெயர்ந்தன. கனவில் வந்தது அந்தச் சுறாதான். அதுவும் பெயர் கேட்டது, முடியாது என்றுவிட்டேன். பிறகு அப்பாவின் எழுத்தறையில், தட்டச்சு இயந்திரத்தின்மேல் தலைவைத்துத் தூங்கிப் பார்த்தேன். கன்னத்தில் பதிந்த எழுத்துகளைக் காலையில் ஓட்டார் உரக்க வாசித்து, "இதுலயும் அப்பா செத்துட்டாருடா!" என்றான்.

பிள்ளை பிறந்துவிட்டான். ஞானஸ்நானம் வரைக்கும் எங்கள் ஊரில் பெயரை வெளியே விடமாட்டார்கள்; அதுவரை அவன் வெறும் 'பையன்'. ஞாயிற்றுக்கிழமை நெருங்கியது. கனவு வரவில்லை. நாவலாசிரியர் மகன் செய்ய வேண்டியதைச் செய்தேன்: நானே ஒன்றைக் கட்டிவிட்டேன்.

ஹெர்டிஸ் பையனைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து தாத்தா வந்தார்மா."

"அப்படியா! என்ன சொன்னார்?"

அந்த இடத்தில் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்குமா? அப்பா திமிங்கிலத்தின்மேல் சம்மணமிட்டு வந்தார். வானத்துப் பச்சை ஒளியைச் சால்வையாகப் போர்த்தியிருந்தார். துறைமுகப் படகுகள் எல்லாம் தாமாகச் சங்கூதின. "இல்லுகின்னு வைடா, இல்லுகின்னு வைடா" என்று மூன்று பக்க வசனம் பேசி, கண்ணீர்விட்டு...

"அப்பா," என்றாள் அவள். "கனவுல வர்றவங்க இவ்வளவு பேசமாட்டாங்கப்பா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் பையனின் முதுகைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். "ஞாயித்துக்கிழமை வா. சொல்றேன்."

ஞாயிறன்று வீட்டுக்கூடத்தில் மேசைமேல் கண்ணாடிச் சாலட் கிண்ணம் நிறையத் தண்ணீர். சன்னலுக்கு வெளியே மெத்தென்று பனி. பையன் என் கையில் தூங்கினான், ஒரு ரொட்டியின் கனம்கூட இல்லாமல்.

"குழந்தையின் பெயர் என்ன?" என்று கேட்டாள் ஸ்வான்ஹில்டுர்.

"தோரிர்," என்றாள் ஹெர்டிஸ்.

"என்னம்மா?" என்றேன் நான்.

கூடமே வெடித்துச் சிரித்தது. கிண்ணத்துத் தண்ணீரும் அலையடித்துச் சிரித்ததை என் கண்ணால் பார்த்தேன். அவள் கூப்பிட்டது என்னையல்ல, சொன்னது பையன் பெயரை என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பாதிரியார் அதற்குள் சின்னத் தோரிரின் தலையில் தண்ணீர் விட்டுவிட்டாள்.

எல்லோரும் இறால் வைத்த ரொட்டிக் கேக்கை மொய்த்துக்கொண்டிருந்தபோது மகளைச் சமையலறைக்கு இழுத்துப்போனேன்.

"உனக்குப் பைத்தியமா? நான் இன்னும் உயிரோட இருக்கேன்டீ! தாத்தா பேரு என்னாச்சு?"

"தாத்தா எப்பவோ வந்துட்டார்ப்பா. வயித்துல இவன் உதைக்க ஆரம்பிச்ச அன்னிக்கே. இதோ, இந்த நாற்காலிலதான் உக்காந்தார், செருப்போட. பேரு வேணுமா தாத்தான்னு கேட்டேன். வேணாம்னார்."

"வேணாம்னாரா!"

"'வண்டி ஓட்டறவன் பேரை வை'ன்னார். அவ்வளவுதான். அப்புறம் ஜன்னலையே பார்த்துக்கிட்டிருந்தார்."

அந்த நாற்காலியிலேயே நானும் உட்கார்ந்துவிட்டேன். ஹெர்டிஸ் சின்னவளாக இருந்தபோது, அவள் அம்மா மீன் தொழிற்சாலைக்குப் போய்விடுவாள். காலைச் சாப்பாடு முடிந்ததும் அவளைப் பனி தள்ளும் வண்டியில் என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வேன். இருட்டும்வரை மலைப்பாதை முழுவதும் எங்கள் இருவருடையது. அப்பாவின் எழுத்தறையைத் தாண்டும்போதெல்லாம் அவள் கையசைத்து, "தாத்தா ஜன்னல்ல நிக்கறார்ப்பா" என்பாள். நான் பாதையை விட்டுக் கண்ணை எடுத்ததே இல்லை. எழுதுகிற நேரத்தில் அவராவது எழுந்து நிற்பதாவது, குழந்தை கதை விடுகிறது, நம் ரத்தமல்லவா என்று நினைத்துக்கொள்வேன்.

மறுநாள் காலை வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை இறங்கிக் கண்ணை மூடினேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது, ஆவி ஏறிக்கொண்டிருந்தது, இரண்டும் எங்கே சந்தித்தன என்று தெரியவில்லை. ஆவி விலகியது. எதிரே அப்பா. கோட்டும் வீட்டுச் செருப்புமாகத் தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்தார். திமிங்கிலம் இல்லை, பச்சை ஒளி இல்லை. தலையில் மட்டும் கொஞ்சம் பனி.

"சாப்பிட்டாச்சா?" என்றார்.

"ஆச்சுப்பா."

எழுந்துவிடுவார் என்று பயந்துபோய்ப் பார்த்தேன். எழவில்லை. முழங்கையைத் தொட்டி விளிம்பில் ஊன்றிக்கொண்டார்.

"அப்புறம்?"

"அப்புறம் ஹெர்டிஸுக்குக் கையுறை மாட்டி வண்டில ஏத்தினேன்ப்பா. ஒரு கையுறை எப்பவும் காணாம போயிடும். என்னோடதைக் கொடுத்துடுவேன்..."

அவர் இன்னும் கிட்டே நகர்ந்து வந்தார்.

முகத்தில் தண்ணீர் வந்து அடித்தது. "டேய் தோரிர்! குறட்டைல தொட்டியே அதிருது," என்றான் ஓட்டார்.

"வாயை மூடுடா," என்றேன். "அப்பா கேட்டுக்கிட்டிருக்கார்."

மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். மலைப்பாதையின் முதல் வளைவுக்குக்கூட நாங்கள் இன்னும் போய்ச் சேரவில்லை.