வழக்கமாக வசிப்பவர்கள்

"அங்க ஆபத்து இல்லியா?" என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

"இதுல இருக்கிற ஆபத்துகூட இல்லைங்க" என்று அவன் தட்டிலிருந்த சிறுமலை வாழைப்பழத்தைத் தூக்கிக் காட்டினான்.

பெண் பார்க்க வந்த அன்று, "செத்த நேரம் பேசிட்டு வாங்க" என்று இருவரையும் மொட்டைமாடிக்கு அனுப்பியிருந்தார்கள். தூரத்தில் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. மணிமேகலை அப்போதுதான் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தாள். அழகுராஜா கடலோரத்து அணுமின் நிலையம் ஒன்றில் ஆபரேட்டர். நிரந்தர உத்தியோகம் என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவளுக்கு மட்டும் 'அணு' என்ற சொல் தொண்டையில் முள்ளாக நின்றது.

"வாழப்பழத்துலயும் கதிர்வீச்சு இருக்கு. ரொம்பக் கொஞ்சம். நாமளும் தின்னுட்டுத்தான இருக்கோம்?"

"நெறையத் தின்னா?"

"வயித்தாலதான் போகும்."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவனுக்குத் தைரியம் வந்து, எண்களாகக் கொட்டினான். விரல்நுனி அளவு யுரேனிய வில்லை ஒன்று, ஒரு டன் நிலக்கரிக்குச் சமம். நம் நாட்டில் நூறு யூனிட் மின்சாரத்தில் மூன்றுதான் அணுவிலிருந்து வருகிறது. கட்டுவதற்குத்தான் கோடி கோடியாகச் செலவு, எரிபொருளுக்கு அவ்வளவு இல்லை. "கல்யாணச் செலவு மாதிரிங்க. மொதல்ல முழி பிதுங்கும். அப்புறம் அறுவது வருசம் ஓடும்." கடைசியாக, "ஒலகத்துல எழுநூத்தி முப்பது கோடிப் பேரு இருக்கோம். அம்புட்டுப் பேருக்கும் பேன் சுத்தணும்ல?" என்றான், ஏதோ அத்தனை பேரும் அவனை நம்பித்தான் புழுக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல.

பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. உலகத்தில் இப்போது எண்ணூற்று முப்பது கோடிப் பேர். இடையில் கூடிய நூறு கோடியில் ஒருத்தி அவர்கள் மகள். நான்காம் வகுப்புப் படிக்கிறாள். இன்னும் ஒன்று சேர்ந்திருக்க வேண்டியது. சேரவில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முதல் சுற்றான வீட்டுப் பட்டியலுக்கு மணிமேகலையைப் போட்டபோது, ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் அவள் குடியிருந்த தெருவும் அவளுடைய பகுதிக்குள்ளேயே வந்தது. மற்ற ஆசிரியைகளுக்குப் பொறாமை. "வீட்டுல இருந்துக்கிட்டே சன்னல் வழியா எண்ணிப்புடலாம்" என்று கேலி செய்தார்கள். உண்மையில் பள்ளி விட்டதும் கழுத்தில் அடையாள அட்டை, கையில் கைப்பேசி, தலைக்கு முந்தானை என்று புழுதிக் காற்றில் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. தரை என்ன, கூரை என்ன, வழக்கமாக வசிப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் திருமணமான தம்பதிகள் எத்தனை, விளக்கெரிக்க எது, அடுப்பெரிக்க எது. அவளுக்கு இந்த வேலை பிடித்திருந்தது. ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு போகும்போது மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று சற்று ஓய்ந்திருக்கும்.

அந்த ஒன்று இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு போன் பேச்சில் தொடங்கியது. "வடக்க புதுசா ஒரு பிளான்ட் கட்டுறாங்க மேகல. மூணு வருசத்துக்கு என்னையக் கேக்குறாங்க. சம்மதம்னு மாசக் கடைசித் திங்கக்கெழமைக்குள்ள மெயில் போடணும்" என்றான் அழகுராஜா, காய்கறி விலை சொல்வதுபோல. "ஒங்களுக்கெல்லாம் அங்க ஒத்துவராது. இந்தி, வெயிலு, பாப்பா படிப்பு வேற. நான் ஆறு மாசத்துக்கு ஒருக்க வந்துருவேன்."

இப்போது மாதம் ஒருமுறை வருகிறான். அது ஆறு மாதம் ஒருமுறை ஆகும். அவள் "ம்" என்று மட்டும் சொன்னாள். சொல்ல வேண்டியது நாக்கின் நுனி வரை வந்து, வழக்கம்போலத் திரும்பி உள்ளே போனது. அந்த வாக்கியம் இரண்டு வருடமாக அப்படித்தான் வந்துவந்து போகிறது.

இரண்டு வருடத்துக்கு முன் திண்டுக்கல்லில் ஒரு கல்யாண வீட்டில் மெஹராஜைப் பார்த்தாள். மெஹராஜின் கணவர் வாஜித்தும் அதே நிலையத்தில்தான் வேலை. பிரியாணிப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த மெஹராஜ், "ஏன் மேகலா, குவார்ட்டர்ஸ் அத்தனை காலியாக் கெடக்கு, நீ மட்டும் ஏன் வரமாட்டேங்கிற? அழகு அண்ணன் மெஸ்ஸுல தின்னு தின்னு எளைச்சுப் போச்சு" என்றாள். மணிமேகலை கத்தரிக்காய்ப் பச்சடியைத் தொட்டுக்கொண்டு, "டிரான்ஸ்பர் கெடைக்கல அக்கா" என்று பொய் சொன்னாள். அவனோ அதற்கு முந்தைய இரண்டு வருடமும், குவார்ட்டர்ஸ் கிடைக்கவில்லை என்றுதான் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து ஏதேதோ நினைப்பு. வேறொரு பெண்ணாக இருக்குமோ என்று ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. பிறகு, அவனுக்கே உடம்புக்கு ஏதாவதா, மறைக்கிறானா என்று அவன் தூங்கும்போது நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கேட்டுவிடலாம். கேட்டு, அவன் இல்லை என்று சொல்லிவிட்டால்? நீங்கள் அங்கே வரவேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அப்புறம் எதை வைத்துக்கொண்டு மாதக் கடைசிக்குக் காத்திருப்பது?

கணக்கெடுக்கப் போன சோலைமலை வீட்டில்தான் அந்த நினைப்பு வெளியே இழுத்துப் போடப்பட்டது. சோலைமலை தக்காளித் தோட்டக்காரர். அவர் மனைவி சின்னக்கண்ணு முறத்தை இறக்கி வைத்துவிட்டு, பதில் சொல்ல ஆயத்தமாக உட்கார்ந்தாள்.

"வழக்கமா இந்த வீட்டுல எத்தன பேரு பெரியம்மா?"

"நாலு. நாங்க ரெண்டு பேரு, மகன் விக்னேஷ்குமாரு, மருமக."

"மகனும் மருமகளும் திருப்பூர்லல்ல இருக்காங்க? அங்கதான் எழுதுவாங்க. ரெண்டு எடத்துலயும் எழுதுனா ஒரு ஆளு ரெண்டு ஆளாயிரும்."

"அவன் திங்கிற சோத்துக்கு ரெண்டு ஆளுதான், எழுதிக்கங்க" என்றார் சோலைமலை.

"ஏய், சும்மா இருய்யா." சின்னக்கண்ணுவுக்குக் குரல் ஏறிவிட்டது. "மாசம் பொறந்தா வாரான் டீச்சர். அவன் தலகாணி உள்ளதான் கெடக்கு. ரேஷன் கார்டுல பேரு இருக்கு. எப்பிடி விடுவீக?"

"சட்டம் அப்பிடித்தான் பெரியம்மா. வந்து போறவங்கள எழுதக் கூடாது. இருக்கிறவங்களத்தான் எழுதணும்."

சின்னக்கண்ணு அவளை ஒரு பார்வை பார்த்தாள். "அப்ப ஒங்க வீட்டுக்காரரு?"

கேலி ஒன்றும் இல்லை அதில். நியாயம் கேட்கிற குரல்தான். ஆனாலும் மணிமேகலைக்குக் காதோரம் சுட்டது. "எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்" என்று சொல்லிவிட்டு, சம்மதமில்லாத அந்த முகத்தின் முன்னால் 'இரண்டு' என்று அழுத்தினாள்.

சனிக்கிழமை காலை மேற்பார்வையாளர் ஜெயமேரி டீச்சர் போன் செய்தார். "மேகல, ஒங்க பிளாக்குல ஒரே ஒரு வீடு பாக்கி காட்டுது. யாரு வீடுன்னு பாத்தா ஒங்க வீடு! ஊரையெல்லாம் எண்ணிப்புட்டு தன்னைய எண்ண மறந்துட்டீகளாக்கும்? நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஏத்தி விட்டுருங்கம்மா."

அன்று மதியம் அழகுராஜா வந்தான். பையை வாசலிலேயே வைத்தான். "அப்பா!" என்று ஓடிவந்த மகளைக் கையை நீட்டித் தடுத்து, "இருடா, அப்பா குளிச்சிட்டு வந்துர்றேன்" என்று நேராகப் பின்கட்டுக்குப் போனான். போட்டு வந்த சட்டையையும் பேன்ட்டையும் தனி வாளியில் நனைத்துவிட்டு, தலை முழுகி, சோப்பு மணக்க வந்துதான் பிள்ளையைத் தூக்கினான். பஸ்ஸில் வந்த தூசி என்பான். நாலு வருடமாக இதே வழக்கம். மணிமேகலை அடுப்படி வாசலில் நின்று, வாளியில் ஊறும் நீலச் சட்டையைப் பார்த்தாள்.

அங்கே உடுத்துவது அங்கேயே கழற்றி, அங்கேயே துவைத்து, கருவி வைத்து உடம்பை அளந்த பிறகுதான் வெளியே விடுவார்கள் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் படம் போட்டு விளக்குகிறவன். பர்ஸில் 'முக்கிய எண்கள்' என்று ஒரு தாளை மடித்து வைத்திருப்பவன். அப்படிப்பட்டவன் ஏன் பஸ்ஸில் வந்த சட்டையைத் தனி வாளியில் போடுகிறான்? நாலு வருடம். நாலு வருடத்துக்கு முன்னால் என்ன?

கேட்கத் தேவையில்லாமல் கை தானாக வயிற்றுக்குப் போனது. அந்தக் கோடை விடுமுறை. அவளும் மகளும் ஒரு மாதம் முழுக்க அவனோடு அங்கே குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். சாயங்காலம் கடற்கரை, ராத்திரி மீன் குழம்பு. திரும்பி வந்த பிறகு, மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தது. திண்டுக்கல் டாக்டரம்மா, "ஏழு பேர்ல ஒருத்தருக்கு இப்படி ஆகும்மா, யாரு மேலயும் தப்பு இல்ல" என்றார். அவனும் தலையாட்டினான். ஊரிலிருந்து விசாரித்தவர்களுக்கெல்லாம் அதே எண்ணை அவனே எடுத்துச் சொன்னான், ஏழில் ஒன்று, ஏழில் ஒன்று என்று. அதற்கு அடுத்த விடுமுறையிலிருந்துதான் குவார்ட்டர்ஸ் கிடைக்காமல் போனது. ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு காரணம் சொன்னான். அவளும் எதையும் எதோடும் சேர்த்துப் பார்க்காமல் இருந்துவிட்டாள்.

வேறு பெண் இல்லை, உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் நிம்மதி வரவேண்டும். வரவில்லை. பொய் சொல்கிறவனிடம் சண்டை போடலாம். பயப்படுகிறவனிடம் எப்படிப் பேசுவது? அதுவும், எண்ணூறு கோடிப் பேருக்குத் தைரியம் சொல்லிவிட்டு வீட்டிலிருக்கும் இரண்டு பேருக்காகப் பயப்படுகிறவனிடம்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்தது. நாலு மணிக்கு அவனுக்கு பஸ். மகள் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். மணிமேகலை அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அவனுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன மேகல, வீட்டுக்குள்ளயே டூட்டியா?"

"ஒங்களத்தான் கணக்கெடுக்க வந்துருக்கேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"சரிங்க மேடம்." வாழைப்பழச் சீப்பிலிருந்து ஒன்றைப் பிய்த்துக்கொண்டு சம்மணம் போட்டான்.

"வழக்கமா வசிக்கிறவங்க?"

"மூணு."

"ரெண்டு."

அவன் சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைக் கண்டு நிறுத்தினான். அவள் 'இரண்டு' போட்டாள். அடுத்து வந்த தம்பதிகள் கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டு நகர்ந்தாள். குடிநீர், குழாய். விளக்கெரிக்க?

"கரண்டு. அதுல ஒரு சொட்டு நான் செஞ்சது, எழுதிக்கங்க."

"அதுக்குக் கட்டம் இல்ல. அடுப்புக்கு, கேஸ். தானியம், அரிசி." கடைசியில் அனுப்பும் பொத்தானை அழுத்தியதும், செயலி போகமாட்டேன் என்று விடப்பட்ட கட்டத்துக்கே திரும்பி வந்து அதைச் சிவப்பாக்கிக் காட்டியது. அவள் கைப்பேசியை அவன் பக்கம் திருப்பினாள்.

'திருமணமான தம்பதிகளின் எண்ணிக்கை.'

அவன் எட்டிப் படித்தான். "ஒண்ணுன்னு போடேன்."

"இங்க இருக்கிறவங்களத்தான் எண்ணணும். சின்னக்கண்ணு பெரியம்மா அம்புட்டுச் சண்டை போட்டும் அவுக மகன எழுதல நான்."

"அப்ப?"

"சைபர்."

உரித்த பழம் அவன் கையில் அப்படியே இருந்தது. "குவார்ட்டர்ஸ் கெடச்சிருந்தா…"

"காலியாத்தான் இருக்காம். ரெண்டு வருசத்துக்கு முந்தியே மெஹராஜ் அக்கா சொல்லிருச்சு."

பக்கத்து வீட்டிலிருந்து பிள்ளைகள் தாயக்கட்டை உருட்டும் சத்தம் கேட்டது. யாரோ தாயம் விழுந்ததற்குக் கத்தினார்கள்.

"எண்ணெல்லாம் சரியாத்தான் இருக்கு மேகல" என்றான் மெல்ல. "நானே எத்தனையோ தடவ போட்டுப் பாத்துட்டேன். அந்த ஒரு மாசத்துக்கு அங்க இருந்தா கதிர்வீச்சு எம்புட்டு, இங்கயே இருந்தா எம்புட்டுன்னு. வித்தியாசமே இல்ல. டாக்டரம்மா சொன்னதும் சரி. எல்லாம் சரி. ஆனா அன்னைக்கு ஆசுபத்திரில நீ…" பழத்தை விரல்களுக்குள் அழுத்தினான். "வடக்கன்னா ரொம்பத் தூரம்ல. அங்க ஒங்களக் கூப்பிடாததுக்கு நான் பொய்க் காரணம் சொல்ல வேண்டியது இல்ல."

அவளுக்கு அழுகை வரும்போலிருந்தது. அதோடு கோபமும். இந்த மனுசன் தன்னந்தனியாக உட்கார்ந்து எண்களைப் போட்டுப் போட்டு அழித்திருக்கிறான், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல். அவள் அந்தச் சாவுக்கு யாரையும் பழி சொன்னதில்லை, கடலையும் சொன்னதில்லை. அந்த ஒரு மாதத்தை இன்றைக்கும் ஆசையோடுதான் நினைத்துக்கொள்கிறாள். அவனுக்கு அது தெரியாது. அவள் சொன்னதே இல்லையே.

கைப்பேசித் திரை மங்கத் தொடங்கியது. அணைந்துவிடாமல் அதைக் கட்டைவிரலால் தொட்டாள். சிவப்புக் கட்டம் மறுபடி வெளிச்சமானது. உள்ளே ஒரு சின்னக் கோடு மட்டும் நின்று நின்று மின்னியது. நாளைக்கு அவன் மெயில் போட வேண்டிய திங்கட்கிழமை. அவள் கை எட்டி, நசுங்கிக்கொண்டிருந்த பழத்தை அவன் விரல்களிலிருந்து எடுத்து, பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மீதியை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை, கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நீட்டிய கையை மடக்காமல் சொன்னாள்.

"நாங்களும் வாரோம்ங்க. இங்கன்னாலும் சரி, வடக்கன்னாலும் சரி. எங்களையும் கூட்டிட்டுப் போங்க."