யானைக்குப் பின்னால்

தாகேதா பாலத்தில் ஏறியதும் ஒரு சிமெண்ட் லாரி முன்னால் வந்து மாட்டிக்கொண்டது. உஸ்மா வேகத்தைக் குறைத்தாள். பின்னிருக்கையில் ரஹ்மத்துல்லா மாமா. போட்டாதாங் வரைக்கும் அவள் ஒழுங்காக ஓட்டிக் காட்டினால் அண்ணனின் கார் வீட்டிலேயே இருக்கும். இல்லையென்றால் மாமா தன் கடைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

யாங்கோனில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். வண்டிகளோ ஜப்பானிலிருந்து வந்தவை, ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். முன்னால் லாரி போனால், எதிரில் வருவது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. இடப்பக்கம் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அண்ணன் ஆமிர் ஓட்டிய காலமெல்லாம் அந்த இருக்கை உஸ்மாவுடையது. அண்ணனை அவள் நானா என்பாள். முந்த வழி இருந்தால் "வா நானா", இல்லையென்றால் "இரு நானா" என்ற இரண்டு பேச்சிலேயே ஊரையெல்லாம் சுற்றியிருக்கிறார்கள்.

இன்று அங்கே உம்மா நூருன்னிசா. முன்னால் உட்காருவது இதுதான் முதல் தடவை. மடியிலிருந்த கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"முந்திப் போயேன்" என்றார் மாமா.

"உம்மா, எதிர்ல ஏதாவது வருதா?"

"எல்லாம்தான் வருது. எதைன்னு சொல்ல?"

உஸ்மா லாரியின் சாம்பல் நிற முதுகைப் பார்த்தாள். தூசி படிந்து, மெல்ல ஆடிக்கொண்டு போயிற்று. எங்கோ பார்த்த முதுகு.

ஆமிர் தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போன புதிதில் அவள் ஒரே ஒரு தடவை அவனைப் பார்க்கப் போயிருந்தாள். வாடகைக்குக் கார் எடுத்து இருவருமாக க்ரூகர் காட்டுக்குள் போனார்கள். அங்கே இடப்பக்கம் ஓட்ட வேண்டும். வாசலைத் தாண்டியதுமே ஆமிர் ஊர்ப் பழக்கத்தில் வலப்பக்கம் ஏறினான். எதிரே வந்த ஜீப்காரர் கையை அசைத்து ஒதுக்கிவிட்டார்.

"பர்மாக்காரன்னு நெத்தியில எழுதியிருக்குபோல" என்று சிரித்தான்.

அதன் பிறகு, இடப்பக்கம் ஓட்டியதால், எதிரில் வருவதெல்லாம் அவனுக்கே தெரிந்தது. உஸ்மாவுக்கு வேலை இல்லை. வெறும் சாலையிலும் வாய் தானாக "வா நானா" என்றது.

"எனக்கே தெரியுது. நீ மான் பாரு."

ஒரு வளைவில் அவன் வலப்பக்கத்து ஒட்டகச்சிவிங்கியில் லயித்திருந்தான். இடப்பக்கப் புதரில் கிளை ஒன்று முறிந்தது.

"இரு நானா."

ஏன் என்று கேட்காமல் பிரேக்கை மிதித்தான். புதரை விலக்கிக்கொண்டு யானை ஒன்று இறங்கியது. இவர்களைத் திரும்பியும் பார்க்காமல் நடுச்சாலையில் நடக்கத் தொடங்கியது.

"பெரியவர் வேலைக்குப் போறார். பின்னாலேயே போவோம்" என்றான் ஆமிர், தணிந்த குரலில்.

கண்ணாடியை ஏற்றிவிட்டு, இடைவெளி விட்டு, அதன் நடைக்கு ஏற்ப ஊர்ந்தார்கள். வெயில் சாயும்வரை அப்படியே. ஊரில் தெருமுனை டீக்கடையைப் பற்றி, பசுண்டாங் ஓடையில் ஏறும் தண்ணீரைப் பற்றியெல்லாம் பேசிக்கொண்டு வந்தவன் திடீரென்று சொன்னான்:

"நான் வேலை பாக்குற கடையில நிறைய பேர் இருக்காங்க உஸ்மா. இருன்னு சொல்லத்தான் ஆளில்ல."

இப்போது அவனால் ஊருக்கு வர முடியாது. நாட்டு நிலைமை சரியாகட்டும், வராதே என்று போனில் உம்மாவே சொல்கிறாள்.

"நடந்தே முந்திடலாம் இந்த லாரியை" என்று மாமா முனகினார்.

"இறங்கித்தான் பாரேன்" என்றாள் உம்மா.

மாமா பதில் சொல்ல வாயெடுத்தபோது எதிரிலிருந்து ஒரு பஸ் இரைந்துகொண்டு கடந்து போனது. அவர் முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டார். உஸ்மா லாரிக்குப் பின்னாலேயே, இடைவெளி விட்டு, போனாள். போட்டாதாங் படகுத்துறை வரை அப்படித்தான்.

மாமா இறங்கி இடுப்பை நிமிர்த்தினார்.

"வண்டி உங்கிட்டயே இருக்கட்டும். நான் பஸ்ல போய்க்கிறேன். என் உடம்பு தாங்காது."

திரும்பும்போது பாலத்தில் தண்ணீர் டிரம் ஏற்றிய வண்டி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. உஸ்மா வேகத்தைக் குறைத்தாள். பக்கத்தில் ஏதோ சரசரத்தது. உம்மா கைப்பையைக் காலடியில் வைத்துவிட்டு, ஜன்னலோரம் சாய்ந்து, சாலையை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வா மா" என்றாள்.

உஸ்மா எதுவும் கேட்கவில்லை. ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினாள்.