கௌபி அவியும் வரை

நான் உருவாக்கிய பலகை விளையாட்டை இதுவரை ஒருவரும் கடைசிவரை விளையாடியதில்லை. அந்த ‘ஒருவரும்’ என்பதில் நானும் அடக்கம்.

பெயர் ‘கடைசிப் படகு’. பஸ் நிலையத்தில் தொடங்க வேண்டும். கையில் ஒரு விண்ணப்பப் படிவம். ஆறு அரசாங்கக் கந்தோர்களில் ஆறு கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்குதுறைக்கு ஓடி மூதூர்ப் படகைப் பிடித்தால் வெற்றி. கேட்க இலகுவாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு அட்டை எடுக்க வேண்டும். அட்டை ‘இருங்கள்’ என்றால் அந்த முறை கட்டை உருட்டாமல் காத்திருக்க வேண்டும். ‘ஐயா கூட்டத்தில் இருக்கிறார், இரண்டு முறை இருங்கள்.’ ‘போட்டோக்கொப்பி மெஷினுக்கு மை முடிந்தது, ஒரு முறை இருங்கள்.’ ‘ரோட்டில் நின்ற மான் உங்கள் படிவத்தைத் தின்றுவிட்டது, தொடக்கத்துக்குப் போங்கள்.’ மான் அட்டைக்கு வெளியூர்க்காரர் சிரிப்பார்கள். ஊருக்குள்ளேயே மான் திரியும் எங்கள் திருகோணமலைக்காரர் தங்கள் பையைக் கிட்ட இழுத்து வைப்பார்கள்.

புதன்கிழமை எங்கள் கம்பஸில் கண்காட்சி. அதில் எனக்கொரு மேசை கிடைக்க வேண்டுமானால், விளையாட்டை முழுமையாக விளையாடி முடித்த மூன்று பேரின் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்கு அலைவதைப் பற்றி விளையாட்டுச் செய்த நானே கையெழுத்துக்கு அலைந்தேன்.

எனக்கு இருப்பதே மூன்று நண்பர்கள். முதல் தடவை அஸ்ஹான் மூன்றாவது மான் அட்டையோடு வயிறு நோகுது என்று எழும்பிப் போனான். இரண்டாம் தடவை தனுஷிகாவுக்கு வீட்டிலிருந்து அவசர அழைப்பு வந்தது. மேசைக்குக் கீழே அவளேதான் தன் போனை அடிக்க விட்டாள். சட்டம் படிக்கும் அம்ரா மட்டும் நேர்மையாகச் சொன்னாள்: “விதுசன், இது விளையாட்டில்ல. தண்டனை.”

ஆகவே சாப்பாட்டைக் காட்டிப் பிடிப்பதென்று முடிவெடுத்தேன். சில்லி. அமெரிக்காவில் தாடி வைத்த ஒருவர் பெரிய இரும்புச் சட்டியில் இறைச்சி, அவரை, தக்காளி, மிளகாய் எல்லாவற்றையும் போட்டு மெல்லக் கொதிக்கவிடும் வீடியோவைக் குழுவில் போட்டேன். ‘திங்கட்கிழமை ஆறு மணி, என்ர வீடு. விளையாடுற ஆக்களுக்கு மட்டும்.’ லீவு நாள் என்பதால் ஒருவருக்கும் சாட்டுச் சொல்ல ஏலாது.

திங்கட்கிழமை ஏன் லீவு என்பதை நான் யோசிக்கவில்லை.

பின்னேரம் மூன்று மணிக்குக் கோழிக்கடைக்குப் போனேன். பூட்டு. அடுத்த கடையும் பூட்டு. மூன்றாவது கடை வாசலில் ஒரு மான் மட்டும் படுத்திருந்தது, காவலுக்கு விட்டதுபோல. போயா, பௌத்தர்களின் பௌர்ணமி லீவு. நாடு முழுக்க இறைச்சிக்கடை திறக்காத நாள். என் விளையாட்டிலேயே அதற்கொரு அட்டை இருக்கிறது: ‘போயா தினம், எல்லாம் பூட்டு, எல்லோரும் ஒரு முறை இருங்கள்.’ அதைக் கீறி நிறம் தீட்டவே எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

வீட்டுக்கு வந்து அஸ்ஹானுக்குப் போன் அடித்தேன்.

“எங்கட ஃப்றிட்ஜில இறைச்சி கிடக்கு மச்சான். கொண்டு வரவா?”

குசினிக்குள் இருந்த அம்மாவுக்கு அடுத்த ஊரில் போன் அடித்தாலும் கேட்கும். “இண்டைக்குப் பறுவம். இந்த அடுப்பில மச்சம் ஏறாது.”

“அம்மா, கோழியெண்டால்?”

“கோழி என்ன, கத்தரிக்காயின்ர சொந்தமோ?”

அஸ்ஹான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அன்ரி சொல்றது சரிதான்டா,” என்று போனை வைத்துவிட்டான்.

அலுமாரிக்குள் ஒரு சோயா மீற் பக்கெற்றும் ஒரு கிலோ கௌபிப் பயறும் இருந்தன. தாடிக்காரர் அவரையைத் தகர டின்னிலிருந்து கொட்டினார். டின்னுக்குள் இருப்பது ஏற்கனவே அவித்தது என்பது எனக்கு உறைக்கவில்லை. வெங்காயம், உள்ளி, சீரகம், இடித்த செத்தல் மிளகாய் எல்லாம் வதக்கி, ஒரு கிலோ தக்காளியைப் பிழிந்து, சோயாவையும் கழுவிய பச்சைக் கௌபியையும் கொட்டினேன். அம்மா கோயிலுக்கு வெளிக்கிட்டு நின்றபடி சட்டியை எட்டிப் பார்த்தா. ஏதோ சொல்ல வாயெடுத்தா.

“அம்மா, இது வேற நாட்டுச் சாப்பாடு. உங்களுக்கு விளங்காது.”

“சரி,” என்றா. அம்மா ‘சரி’ என்றால் அது சரியில்லை என்பது இருபத்திரண்டு வருடமாக எனக்குத் தெரியும். ஆனாலும் விட்டுவிட்டேன்.

ஆறு மணிக்கு மூன்று பேரும் வந்தார்கள். அஸ்ஹான் மத்தியானம் சாப்பிடவில்லையாம், வயிற்றில் இடம் வைத்திருக்கிறானாம். அம்ரா தோய்த்துச் சாப்பிட நாலு றாத்தல் பாண் கொண்டு வந்திருந்தாள். வீடு முழுக்கச் சீரகமும் மிளகாயும் மணத்தது. தனுஷிகா மூடியைத் திறந்து ஒரு கரண்டி எடுத்தாள்.

“டேய், இது கௌபிக் கறி.”

“சில்லி.”

“கௌபிக் கறி. அதுவும் அவியாத கௌபிக் கறி.” வாயிலிருந்ததை உள்ளங்கையில் எடுத்துக் காட்டினாள். “இதைக் கரம் போட்டில காயா வைச்சு அடிக்கலாம்.”

“இன்னும் அரை மணித்தியாலம்,” என்றேன். எந்தக் கந்தோரிலும் சொல்வதைப் போலவே வந்தது.

அஸ்ஹான் பாணைப் பார்த்தான். அம்ரா பாணைத் தன் பக்கம் இழுத்தாள். “சாப்பாட்டோடதான் பாண்.”

செய்ய வேறொன்றும் இல்லை. தனுஷிகா கதிரையில் சாய்ந்து, “எடு உன்ர பெட்டியை,” என்றாள்.

அன்றைக்கு நடந்ததை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நாலு பேரும் பசியோடு விளையாடியபோது அது விளையாட்டாகிவிட்டது. ஏற்கனவே காத்திருக்கிறவர்களுக்கு ‘இரண்டு முறை இருங்கள்’ பெரிய விசயமில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை நான் குசினிக்குப் போய்க் கௌபி ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். “அவியேல்ல.” மூன்று பேரும் சேர்ந்து கத்தினார்கள்: “ஐயா கூட்டத்தில!”

தனுஷிகா ஐயாவைத் திட்டத் தொடங்கினாள். அம்ரா நாலாவது கந்தோரில் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தாள். அஸ்ஹானின் படிவத்தை மான் தின்றது. “விடு மச்சான், அதுக்கும் பசிதானே,” என்று அவனே தொடக்கத்துக்குப் போனான். எழும்பிப் போகவில்லை. அவனும் திரும்ப வாங்கியதோடு ஆளுக்கு நாலு, ஐந்து கையெழுத்து. என் விளையாட்டு இவ்வளவு தூரம் வந்தது இதுதான் முதல் தடவை.

எட்டு மணிபோல் குசினிக்குப் போய் ஒரு கௌபியை எடுத்தேன். விரலிலேயே மசிந்தது.

சட்டியைப் பார்த்தேன். குழம்பு தடித்து, கருஞ்சிவப்பாக, தாடிக்காரரின் சட்டியைப் போலவே குமிழி விட்டது. இதைச் சொன்னால் மூன்று பேரும் பாய்ந்து வருவார்கள். சாப்பிடுவார்கள். ஏப்பம் விடுவார்கள். அஸ்ஹானுக்கு வயிறு நோகும், தனுஷிகாவுக்கு வீட்டிலிருந்து அழைப்பு வரும். அம்ராவுக்கு இன்னும் ஒரே ஒரு கையெழுத்து. கூடினால் கால் மணித்தியாலம்.

திரும்பி வந்தேன்.

“என்னவாம்?”

“அவியேல்ல.”

“ஐயா கூட்டத்தில!” என்றார்கள். அஸ்ஹான் மட்டும் கொஞ்சம் மெல்லமாகச் சொன்னான். பாவம்.

அம்ரா தாயக்கட்டையை உருட்டக் கையை உயர்த்திய நேரம் கேற் திறந்தது. அம்மா. நெற்றியில் திருநீறு, கையில் அர்ச்சனைப் பை. நேரே குசினிக்குள் போனா.

“விதுசன்! கௌபி கரைஞ்சு போய்க் கிடக்கு, அடியும் பிடிக்குது, என்னடா செய்யிறாய்? புளிப்புக்குள்ள போட்டால் அவிய நேரமெடுக்குமெண்டு சொல்ல வந்தனான். எனக்கு விளங்காதெண்டாய். இப்ப உனக்கு விளங்கேல்லையோ?”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“எப்ப அவிஞ்சது?” என்றாள் அம்ரா. நீதிமன்றத்தில் கேட்பதுபோல்.

“இப்பதான்.”

“விதுசன்.”

“ஒரு சுற்றுக்கு முதல்.”

“இவன்தான்டி ஐயா,” என்றாள் தனுஷிகா.

அம்ரா பெட்டிக்குள் கிடந்த வெற்று அட்டையொன்றை எடுத்தாள். பேனையால் அழகாக எழுதி என் முன்னால் வைத்தாள். ‘சமையல்காரர் பொய் சொன்னார். நாலு முறை இருங்கள். சாப்பாடும் இல்லை.’

“இப்பிடி ஒரு அட்டை இல்லையே,” என்றேன்.

“இப்ப இருக்கு.”

அம்மா சட்டியைத் தூக்கி வந்து மேசையில் வைத்தா. யார் பக்கமென்று கேட்கவுமில்லை, அவர்கள் பக்கமாகவே வைத்தா. பாணைப் பிய்த்துத் தோய்த்து ஒரு கையால் சாப்பிட்டார்கள், மறு கையால் கட்டை உருட்டினார்கள். ஒருவரும் எழும்பவில்லை. நான் இருக்கிறதைப் பார்க்க வேண்டுமாம். சட்டிக்குள் கரண்டி போய்வரும் சத்தத்தை எண்ணிக்கொண்டு ஒரு முறை இருந்தேன். இரண்டு முறை இருந்தேன். மூன்றாம் முறை அஸ்ஹான், “மச்சான், நல்லாத்தான் இருக்கு,” என்றான். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

நாலாம் முறையில் அம்ரா படகைப் பிடித்தாள்.

எனக்கு அடிப்பிடித்த பகுதி மிஞ்சியது. பாணின் கடைசித் துண்டால் சுரண்டிச் சாப்பிட்டேன். கருகலாக இருந்தாலும் அதுவும் நல்லாத்தான் இருந்தது. அதற்குள் மூன்று பேரும் கண்காட்சிப் படிவத்தை இழுத்து வைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். முழுமையாக விளையாடி முடித்தீர்களா? ஓம், ஓம், ஓம். மூன்று கையெழுத்து. ஒன்றில் தக்காளிக் கறை.

அதற்குக் கீழே ஒரு கேள்வி: ‘விளையாட்டில் உங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி எது?’

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே பதிலை எழுதியிருந்தார்கள். அம்ராவின் அட்டை.