முனகாத வண்டி

மாடிப்படியில் ‘தொம்’ என்று ஒரு சத்தம். அந்த வீட்டு மருமகள், ஏரிக்கரையைச் சுற்றிக் காட்டும் கைடு, வாயில் கவ்வியிருந்த ஸ்க்ரூடிரைவரை இன்னும் இறுக்கிக் கடித்தாள். ஒன்பதாவது படி. மொத்தம் பதினாலு. மாமனாரின் மாவுக்கட்டுக் கால் கடைசிப் படியைத் தொடுவதற்குள் அவள் பேட்டரி வண்டியின் பின்சீட்டுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, சீட்டை மூடி, ஒன்றும் தெரியாதவள் போல் கையில் துடைப்பத்துடன் நிற்க வேண்டும்.

ஷெட்டின் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டிருந்தாள். கீழே நுழைந்த ஒரு முழ வெளிச்சம் சீட்டுக்கு அடியில் இருந்த பெட்டிவரை எட்டவில்லை. செல்போனைத் தோளுக்கும் கன்னத்துக்கும் இடையில் இடுக்கி, அதன் விளக்கில் பார்த்தாள். சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை என்று நாலு ஒயர்கள் ஒரே கொத்தாக. வெட்டுப்பட்டிருந்தது பச்சை. இரண்டு நுனிகளும் தனித்தனியாக டேப் சுற்றி, பெட்டியின் மூலையில் மடக்கி வைக்கப்பட்டிருந்தன. அவசரத்தில் கடித்துத் துப்பிய வேலை இல்லை.

‘தொம்.’ பத்து.

“மெதுவா அப்பா, அவசரமே இல்ல” என்று நாத்தனாரின் குரல் இறங்கி வந்தது. “இன்னிக்கு நம்ம நாள்.”

கைடு பழைய டேப்பை உரித்தாள். நுனிகளைப் பல்லால் சீவி, இரண்டையும் சேர்த்து முறுக்கினாள். செம்புக் கம்பி கட்டை விரலைக் குத்தியது. பதினொன்று. புது டேப்பைச் சுற்றினாள். பன்னிரண்டில் மாமனார் நின்று மூச்சு வாங்கினார். ஜென்மத்தில் முதல்முறையாக அவருக்கு நன்றி சொல்லத் தோன்றியது அவளுக்கு. சீட்டை இறக்கி, திருகை முடுக்கி, ஷட்டரைத் தூக்கியபோது பதினாலாவது ‘தொம்’ விழுந்தது.

பேட்டரி வண்டி சத்தம் போடாது. பூனை மாதிரி வந்து முதுகுக்குப் பின்னால் நிற்கும். அதனால், ஏரிக்கரையில் வெளியூர்க்காரர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டும் ஒவ்வொரு வண்டியிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்க வேண்டும் என்பது விதி. வண்டி மெதுவாக நகரும்போதெல்லாம் அது பல்வலிக்காரன் மாதிரி முனகிக்கொண்டே வரும். நடப்பவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். விதிப்புத்தகத்தில் அதற்கு ஒரு முழ நீளத்துக்குப் பெயர் உண்டு. தெருவில் அதன் பெயர் முனகல்.

பத்தொன்பது நாட்களுக்கு முன்னால், காலை ஒன்பதேகால் மணிக்கு, முனகல் முனகவில்லை. அன்றைய இரண்டாவது ட்ரிப்புக்கு ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு கைடு ஷெட்டிலிருந்து தெருவுக்குத் திரும்பினாள். எதிர்ப்பக்கப் பேப்பர் கடையிலிருந்து மாமனார், தலைப்புச் செய்தியைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தபடி, குறுக்கே வந்தார். அவள் பிரேக்கை மிதித்தாள். வண்டி நின்றது, ஆனால் அவருடைய முழங்காலுக்குக் கீழே ஒரு எலும்பைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் நின்றது.

மறுநாளே ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவர் புகார் எழுதினார். மருமகள் சத்தமில்லாமல் வந்து இடித்தாள், வேண்டுமென்றே இடித்தாளா என்பதை அதிகாரிகள்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று. அதே நாள், அதே பேனாவில், இன்னொரு விண்ணப்பமும் போனது. அது நாத்தனாருடையது. ஏரிக்கரையில் ஒரு கதவு எண்ணுக்கு ஒரு உரிமம்தான். மருமகளின் உரிமம் ரத்தானால் அதே கதவு எண்ணில் மகள் வாங்கலாம்.

வண்டியை ஆய்வாளர் வரும்வரை தொடக்கூடாது என்று ஸ்டியரிங்கில் காகித முத்திரை ஒட்டிவிட்டுப் போனார்கள். பின்சீட்டுக்கு அடியிலும் ஒட்ட வேண்டும் என்று அவர்களில் யாருக்கும் தோன்றவில்லை. அது தோன்றிய ஒரே ஆளிடம் ஷெட் சாவி இல்லை. இருந்த இரண்டு சாவிகளையும் மாமனார் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இன்று ஆய்வுக்காக நாத்தனாரே திறந்துவிட்டு, கூட்டி வைக்கச் சொல்லிவிட்டு, அப்பாவை இறக்கப் போனாள். அந்தப் பதினாலு படிகள்தான் கைடுக்குக் கிடைத்த மொத்த அவகாசம்.

தெருவில் எல்லோரும் முனகலின் வாயை அடைத்தது நாத்தனார்தான் என்று பேசிக்கொண்டார்கள். பக்கத்து ஷெட் மெக்கானிக் நேராகவே கேட்டான். கைடு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெருமூச்சு மட்டும் விட்டாள். மெக்கானிக்குக்கு அது போதுமாயிருந்தது. சாயங்காலத்துக்குள் தெருக்கோடி வரை அந்தப் பெருமூச்சு போய்ச் சேர்ந்தது.

அந்த வீட்டில் பகை புதிதில்லை. மாமனார் டெலிபோன் இலாகாவில் முப்பத்தொரு வருடம் லைன்மேனாக இருந்தவர். ஓய்வு பெற்றபின் வேறு வேலை இல்லாததால் மருமகளைத் திருத்துவதை வேலையாக எடுத்துக்கொண்டார். ஷெட்டுக்கு நேர் மேலே அவர் அறை. கீழே அவள் பயணிகளை உட்கார வைத்து, முதலில் மணிக்கூண்டைத் தண்ணீரில் தலைகீழாகப் பாருங்கள், பிறகு நிமிர்ந்து பாருங்கள், தொண்ணூறு அடி உயரம் என்று ஆரம்பிப்பாள். மேலே ஜன்னல் திறக்கும். எண்பத்தெட்டு என்று ஒரு குரல் விழும். பயணிகள் சிரிப்பார்கள். அவளும் பல்லைக் காட்டிக்கொண்டே ஆக்ஸிலேட்டரை மிதிப்பாள். கணவன் எங்கோ பாலம் கட்டும் இடத்தில் மேஸ்திரியாக இருந்தான். போனில் அவன் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: அப்பாவை அனுசரித்துப் போ. அவரிடம் என்ன சொன்னான் என்று அவள் கேட்டால் லைன் கட்டாகிவிடும்.

ஆய்வாளர் சரியாகப் பத்தரைக்கு வந்தார். ஒல்லியான மனிதர். காலருக்குள் கைக்குட்டை. வந்ததும் யாரையும் பார்க்காமல் வண்டியைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார், அப்புறம்தான் மனிதர்களை.

மாமனார் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நாத்தனார், கருநீல ஜாக்கெட்டில். பித்தளைப் பொத்தான்கள் மின்னின. ஏரிக்கரை கைடுகள் போடும் அதே ஜாக்கெட். தைக்கக் கொடுத்தே பத்து நாள் ஆகியிருக்கும் என்று கைடு கணக்குப் போட்டாள்.

“ஜாக்கெட் எடுப்பா இருக்கு. பொத்தான் மட்டும் கொஞ்சம் முந்திக்கிச்சு” என்றாள்.

“உங்களுது கழட்டி மாட்டத்தானே போறோம், அண்ணி. பழசா இருந்தாலும் ஆணியில தொங்கட்டும்” என்றாள் நாத்தனார்.

ஆய்வாளர் முத்திரையைக் கிழித்தார். சாவியைப் போட்டு, தானே உட்கார்ந்து, பெடலை மெல்ல அழுத்தினார். வண்டி ஒரு அடி நகர்ந்தது. 

முனகல் முனகியது.

நன்றாகவே முனகியது. ஷெட் சுவர்களில் பட்டு, தெருவரை போயிற்று. பேப்பர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஆய்வாளர் பின்னால் எடுத்தார், முன்னால் எடுத்தார். ஒவ்வொரு அடிக்கும் அது பல்வலிக்காரனாக அழுதது.

நாத்தனாரின் முகத்தில் ரத்தம் இல்லை. மாமனாருடைய முகம் மட்டும் கோணலாகப் போயிற்று, உப்புப் போட மறந்த குழம்பை வாயில் வைத்தவர் மாதிரி.

ஆய்வாளர் இறங்கி, பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். பெரியவரிடம் குரலை உயர்த்தாமல் பேசினார். இந்த வருடம் இந்தக் கதவு எண்ணிலிருந்து அலுவலகத்துக்கு நாலு மனுக்கள் வந்திருக்கின்றன. நாலையும் எழுதியது பெரியவர்தான். முதல் மூன்றும், வண்டியின் முனகல் காலை ஆறு மணிக்கே தூக்கத்தைக் கெடுக்கிறது, மனுஷன் காதுக்குள் ரம்பம் போடுகிறது என்று. நாலாவது, வண்டி முனகவே இல்லை என்று.

“மூணாவதோட சத்தம் பத்தின மனு நின்னு போச்சு” என்றார் ஆய்வாளர். “ரெண்டு மாசமாச்சு. என்ன, பழகிடுச்சா?”

 மாமனாரின் தாடை எதையோ மென்றது.

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். ஒலிப்பான் வேலை செய்கிறது, புகாரில் சாரமில்லை என்று எழுதப் போவதாகச் சொன்னார். கைடு மனசுக்குள் அடுத்த வேலைகளை அடுக்கினாள்.  மத்தியான ட்ரிப்புக்கு ஆட்களைச் சேர்க்க படகுத்துறைக்குப் போக வேண்டும். தண்ணீர் பாட்டில்கள் வாங்க வேண்டும். தொண்டைகூட இப்போது நன்றாகத் தேறியிருந்தது. மூன்று மாதங்களுக்கு முன் முனகலுக்கு மேலே கத்திக் கத்தி அது அடைத்துப்போய், டாக்டர் பேசவே கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

“எழுதாதீங்க சார்” என்றார் மாமனார்.

நாத்தனார் அவர் தோளைத் தொட்டாள். அவர் கையைத் தட்டிவிட்டார்.

“அது இன்னிக்குக் காலையில முறுக்கின ஒயர். சீட்டைத் தூக்கிப் பாருங்க. பச்சை ஒயர்ல புது டேப் இருக்கும்.”

 ஆய்வாளர் பேனாவை மூடவில்லை. புகாரைத் திரும்ப ஒருமுறை நிதானமாகப் படித்தார், விரலை வரிவரியாக வைத்து.

“சத்தம் வரலைன்னுதான் எழுதியிருக்கீங்க. ஒயர் வெட்டினதுன்னு இதுல எங்கயும் இல்லையே. அதுவும் பச்சைன்னு?”

 முப்பத்தொரு வருடம் மற்றவர்களின் லைனைச் சரிபார்த்தவர், தன் லைனில் தானே மாட்டிக்கொண்டு நின்றார். டேப் சுற்றி மடக்கி வைத்த அந்த நுனிகள் யாருடைய கைவேலை என்பது இப்போது பேப்பர் கடைக்காரருக்குக்கூடப் புரிந்துவிட்டது. அவர் கடையை விட்டு ஷெட் வாசலுக்கே வந்திருந்தார்.

“நான்தான் வெட்டினேன்” என்றார் மாமனார் கடைசியில், தரையைப் பார்த்தபடி. “வெட்டினவனும் நான், அதை மறந்துட்டுத் தெருவுல இறங்கினவனும் நான். சத்தம் இல்ல, வண்டி இல்லன்னு நினைச்சேன். போதுமா?”

போதும். ஆய்வாளருக்குப் போதுமாயிருந்தது. கேட்டவர்களுக்கும் போதும். கைடு அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு துடைப்பத்தைச் சுவரில் சாத்தியிருந்தால், பன்னிரண்டு மணிக்கு மணிக்கூண்டைத் தலைகீழாகக் காட்டிக்கொண்டிருப்பாள்.

ஆனால் அவள் கண் பித்தளைப் பொத்தான்களில் போய் விழுந்தது. கிழவர் போனால் போகட்டும். அந்த ஜாக்கெட் அடுத்த மாதம் மறுபடி ஒரு விண்ணப்பத்தோடு வரும். அதற்கு அடுத்த மாதமும் வரும். இன்றைக்கே முடித்துவிட்டால் என்ன?

“சார், ஒரு சந்தேகம்” என்றாள், பயணிகளிடம் பேசும் அந்தக் குழைந்த குரலில். “மாமாவுக்கு ரெண்டு கண்ணும் மங்கல். பேப்பரையே மூக்குல ஒட்டித்தான் படிப்பார். அந்தப் பெட்டிக்குள்ள பட்டப் பகல்லயே ஒண்ணும் தெரியாது. நாலு ஒயர்ல பச்சை எதுன்னு தனியா கண்டுபிடிக்க அவரால முடியாது. கூட ஒருத்தர் இருந்திருக்கணும். உரிமம் யாருக்கு வேணுமோ, அவங்களா இருக்கலாம். நான் யாரையும் சொல்லல.”

சொல்லவில்லை, பார்த்தாள். எல்லோரும் அவள் பார்த்த இடத்தைப் பார்த்தார்கள். நாத்தனார் பொத்தான்களைக் கையால் மூடிக்கொண்டு, தனக்கு எதுவும் தெரியாது, சத்தியமாகத் தெரியாது என்று அழ ஆரம்பித்தாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியாது என்பது அந்த அழுகையில் இருந்தது. அதைக் கேட்டதும் மாமனார் நிமிர்ந்தார்.

அவர் பார்வை மருமகளின் முகத்தில் நிற்கவில்லை. இறங்கி, அவளுடைய முழங்கையில் போய் நின்றது. மங்கிய கண்ணுக்குக்கூட அது தெரிந்தது. ஆய்வாளரும் அங்கேதான் பார்த்தார். விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு டேப், முழங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“என் பொண்ணை இழுக்காத” என்றார் மாமனார். குரல் தணிந்திருந்தது. “நான் ஒருத்தன் போறதா இருந்தா வாயைத் திறந்திருக்க மாட்டேன். சார், கேட்டுக்குங்க. இந்த வீட்டுல எனக்கும் இவளுக்கும் ஒத்துப்போன விஷயம் ஒண்ணே ஒண்ணுதான். அந்தச் சனியன் பிடிச்ச சத்தம். எனக்குத் தூக்கம் போச்சு, இவளுக்குத் தொண்டை போச்சு.”

கைடு முழங்கை டேப்பைக் கையால் மூடிக்கொண்டாள். 

“பச்சை எதுன்னு எனக்கு யாரு சொன்னதுன்னா கேட்ட?” என்றார் மாமனார். “பக்கத்துல குந்திக்கிட்டு, டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு, ‘அது கறுப்பு மாமா, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம், ஆங், இதுதான் பச்சை, வெட்டுங்க’ன்னு சொன்னவ நீதானே?”