பின்பலகையில் தூங்கியவன்

செத்துப்போன சிவபிரகாஷ் மூன்று கார் பந்தயங்களில் கலந்துகொண்டான், மூன்றிலும் தூங்கிக்கொண்டே.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் சடையன், தன் மகனும் மகளும் ஓட்டுவதற்கென்று ஒரு பந்தயக் காரைச் சொந்தமாகவே செய்தார். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஆள் மாற்றி ஆள் ஓட்டிக்கொண்டே இருக்கவேண்டிய பந்தயம் அது. இரண்டு டிரைவர் என்று காதில் விழுந்ததுமே சடையன், நெடுந்தூரம் போகும் லைன் லாரிக்குச் செய்வதுபோல இருக்கைக்குப் பின்னால் படுக்கப் பலகை அடித்துவிட்டார். ஒருவன் ஓட்டினால் ஒருவன் தூங்குவதுதானே அவருக்குத் தெரிந்த நியாயம். பந்தயக்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மகன் சிவபிரகாஷ் வெட்கப்பட்டுப் பலகையைக் கழற்றச் சொன்னான். பிறகு காரின் குறைகளைத் தீர்க்க, சரியான தூக்கமில்லாமல் ஓட்டி ஓட்டிப் பார்த்தான். வாழப்பாடி தாண்டி ஒரு மத்தியானம் கண் அசந்தான். கார் புளியமரத்தில் மோதியது. காரைத் தேற்ற முடிந்தது.

காரியம் முடிந்ததும் சடையன் அழுதுகொண்டே பலகையைத் திரும்ப அடித்தார். அன்றிலிருந்து காரின் எடை ஓர் ஆள் அளவு கூடிவிட்டது. பந்தய அதிகாரிகள் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு, எடை கூடினால் இவர்களுக்குத்தானே நஷ்டம் என்று விட்டுவிட்டார்கள். மகள் சித்ராவும் பட்டறையில் வேலைசெய்யும் மாதேஷும் மாறி மாறி ஓட்ட, பின்னால் குறட்டை கேட்டது. பெட்ரோல் போட இஞ்சினை அணைத்தே ஆகவேண்டும். லாரிக்காரர் வீட்டுப் பிள்ளையல்லவா, வண்டி நின்றதும் விழித்துக்கொள்வான்.

"ஊரு வந்துருச்சா அம்முணி?"

"இன்னும் இல்லீங்ணா. தூங்குங்க."

உண்மையைச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. அவன் விழித்துவிடக் கூடாதென்று, பந்தயம் முடிந்த பின்னும் கார் பட்டறையில் இரவு பகலாக உறுமிக்கொண்டே கிடந்தது. இப்படியே மூன்று வருடம், மூன்றிலும் கடைசி இடம். இஞ்சின் தேய்ந்தது. சித்ரா அதைவிடத் தேய்ந்தாள். ஒவ்வொரு பொய்க்கும் ஹெல்மெட்டுக்குள் அழுதாள். பெற்ற மனம் அதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருக்கும்?

ஒரு சாயங்காலம் சடையன் தானே காரை ஓட்டிவந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். இஞ்சினை அணைத்தார்.

"ஊரு வந்துருச்சுங்களாப்பா?"

"வந்துருச்சு சாமி. நம்ம ஊடுதான். எறங்கு."

காரின் ஸ்பிரிங் ஓர் ஆள் அளவு மேலே எழும்பியது. அவன் அம்மா சென்னம்மாள் கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அன்றிலிருந்து அவள் மறுபடியும் நான்கு பேருக்குத்தான் உலை வைக்கிறாள். சோறு மிஞ்சுவதில்லை.